யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட ரென்ற் அடிச்சு ஒரு இரவு தங்க எங்கை போகலாம்?

கொக்குவில்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மச்சான் கனடாவிலையிருந்து வரேக்கை நாலு பேர் படுக்கிற ரென்ற் ஒண்டு கொண்டுவந்து தந்தவர். கன நாளா அலுமாரிக்கு மேலை கிடந்தது. இப்ப பிள்ளையள் ரெண்டும் (ஒன்பது வயசு, அஞ்சு வயசு) யூரியூப்பிலை பாத்துப்போட்டு ஒரே அரியண்டம். முற்றத்திலை அடிச்சுக் குடுத்தன், அது காணாதாம். கடல் வேணுமாம்.

இணையத்திலை தேடினா நக்கிள்ஸ், றிவஸ்ரன், மீமுரே எண்டுதான் வருது. எல்லாம் கொழும்பு, கண்டி ஆக்களுக்கு எழுதினது. நாங்கள் அங்கை போய்ச் சேரவே சனிக்கிழமை முடிஞ்சிடும். சனி மத்தியானம் வெளிக்கிட்டு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்திடவேணும். வான் இருக்கு. ஒண்டரை மணித்தியால ஓட்டத்துக்குள்ளை பாக்கிறன். யோசிக்கிறது மாசி மாதம். ஆர் போனனீங்கள், எங்கை விட்டவை, எங்கை கலைச்சவை எண்டு சொல்லுங்கோ.

தீவகத்தான்:

தம்பி, இடத்தைக் கேக்க முதல் காத்தைக் கேளுங்கோ. எங்கடை பக்கம் கரை நல்லதோ கூடாதோ எண்டதைத் தீர்மானிக்கிறது காத்துத்தான்.

வாடை வீசிற காலம், அதாவது ஐப்பசி கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும், வடக்கையும் கிழக்கையும் பாத்த கரை எல்லாம் அடிபடும். அந்த நேரம் வேலணை சாட்டி ஒதுக்கமா இருக்கும், ஏனெண்டா அது தெற்குப் பக்கம் பாத்த கரை. சோளகம் பிடிச்சா, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும், சாட்டியிலை ரென்ற் நிக்காது. வாய்க்குள்ளையும் மண், சோத்துக்குள்ளையும் மண். அப்ப காரைநகர் கசூரினாப் பக்கம் பரவாயில்லை. ரெண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனிதான் எல்லாக் கரையும் ஓரளவு அடங்கி இருக்கிற காலம். நீங்கள் மாசி எண்டு சொன்னது நல்ல கணக்கு.

பிள்ளையளோடை முதல் தரம் எண்டா நான் கசூரினாவைத்தான் சொல்லுவன். பட்டணத்திலையிருந்து இருபது கிலோமீற்றர் சொச்சம். பொன்னாலைப் பாலத்தாலை ஏறினா நேரை போகலாம். கடல் கன தூரத்துக்கு இடுப்பளவுதான். சவுக்கு நிழல் இருக்கு. ஆனா சனி ஞாயிறு பின்னேரம் வரைக்கும் சனம் நிக்கும், சத்தம் கூட. இரவு தங்கிறதுக்குப் பிரதேச சபையிலை முன்கூட்டியே கேட்டு, விளங்கக் கதைச்சுப்போட்டுப் போங்கோ. காவலாளியோடை இரவு பத்து மணிக்கு நிண்டு நியாயம் பேசிறதிலை பிரியோசனமில்லை.

நல்லூரான்:

வீட்டிலை மெத்தை, காத்தாடி, கக்கூஸ் எல்லாம் இருக்க, போய் மண்ணிலை படுத்து நுளம்புக்கு இரத்தம் குடுக்கிறதுக்கு ஒரு பயணமோ? விசர் பிடிச்ச சனம். (எங்கை போறியளெண்டு கடைசியிலை சொல்லுங்கோ, நானும் வரலாம்.)

அல்வாய்ப் பெடியன்:

தீவகத்தான் அண்ணை சொன்ன காத்துக் கணக்கு சரி. ஆனா சனமில்லாத இடம் வேணுமெண்டா மணற்காடு. பருத்தித்துறையிலையிருந்து வல்லிபுரக் கோயில் தாண்டிப் போறது. மணல் மேடுகள் வீட்டு உயரத்துக்கு நிக்கும். மண்ணுக்குள்ளை புதைஞ்ச பழைய அந்தோனியார் தேவாலயத்தின்ரை சுவர்கள் இருக்கு, அதைப் பிள்ளையளுக்குக் காட்டலாம். பின்னேரம் வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுட்டு அப்பிடியே போய் இறங்கினா ஆறு மணிக்கு முதல் ரென்ற் எழும்பியிடும்.

ரெண்டு விசயம் மனசிலை வைச்சிருங்கோ. ரென்றோடை வாற இரும்பு ஆணி மணலிலை நிக்கவே நிக்காது, ஒரு இழுவையோடை வந்திடும். நாங்கள் செய்யிறது இதுதான்: உரபாக்கிலை அரைவாசிக்கு ஈர மணல் நிரப்பி, வாயைக் கட்டி, அந்தக் கட்டிலையே ரென்ற் கயித்தையும் முடிஞ்சு, முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிப் படுக்கப் போட்டு மூடி மிதிச்சு விடுறது. உரபாக் இல்லாட்டிப் பனைமட்டைத் துண்டு ஒரு முழத்துக்கு வெட்டி, நடுவிலை கயிறு கட்டிக் குறுக்காத் தாட்டா அதுவும் காணும். நாலு மூலைக்கும் நாலு. காத்துப் பக்கம் எப்பவும் ரென்றின்ரை பதிஞ்ச பக்கம் இருக்கவேணும், வாசல் எதிர்ப்பக்கம்.

மற்றது சவுக்கங்காடு. நிழலைப் பாத்து ஆசைப்பட்டு உள்ளுக்கை அடிக்கப்பிடாது. வனவளத் திணைக்களத்தைக் கேட்காமல் காட்டுக்குள்ளை தங்கினா வழக்கு வரும். சவுக்கஞ் சருகு ஒரு பொறி காணும், குப்பெண்டு பத்தும். அடுப்பு மூட்டிறதெண்டா வெளியிலை, வெறும் மணலிலை.

கரைவலை:

நான் வடமராட்சி கிழக்கு. பேரைப் பாத்தாலே என்ன தொழில் எண்டு விளங்கும். கொஞ்சம் காரமா எழுதினாக் கோவிக்காதேங்கோ.

மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை எண்டு இந்தக் கரை முழுக்க இப்ப சனி ஞாயிறிலை பெடியள் வருகினம். வாறதிலை பிழையில்லை. கடற்கரை ஒருத்தற்றை சீதனமும் இல்லை. ஆனா எங்கடை பாட்டிலை (கரைவலை இழுக்கிற துண்டுக் கரையை நாங்கள் பாடு எண்டுறது) ரென்ற் அடிச்சா என்ன செய்யிறது? விடியப்புறம் இருட்டுக்குள்ளை வள்ளம் வலையை வளைச்சுக்கொண்டு வரும். கம்பாக் கயிறு (வலையை இழுக்கிற கயிறு) கரையிலை நூற்றுக்கணக்கான பாகத்துக்கு (பாகம் எண்டா ஆறடி அளவு) கிடக்கும். இப்ப கன இடத்திலை இழுக்கிறது உழவு மெசின் வின்ச்சாலை. மெசின்காரனுக்கு இருட்டிலை கறுப்பு ரென்ற் தெரியாது. கம்பா இறுகி எழும்பேக்கை அதுக்கு மேலை மனிசன் நிண்டா காலை எடுத்திடும். போன வருஷம் ஒரு கூட்டம் வெறியிலை சரியா மெசின் பாதையிலை படுத்துக் கிடந்தது. எங்கடை ஆக்கள் ரோச் அடிச்சுக் கண்டதாலை தப்பிச்சுதுகள். எழுப்பிவிட்டதுக்கு நன்றி சொல்லாமல் எங்களுக்கே ஏச்சு.

அதோடை போத்தில். உடைஞ்ச போத்தில் மணலுக்குள்ளை தாண்டா வெறுங்காலோடை வலை இழுக்கிறவனுக்குத்தான் வெட்டும். வலை மடியை இழுத்துக் கரையிலை கொட்டினா மீனோடை சேந்து பொலித்தீன், பியர் ரின். இதைத் துப்புரவாக்கிறது ஆர்?

வாறதெண்டா கடற்றொழிலாளர் சங்கத்திலை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஒவ்வொரு ஊரிலையும் சங்கம் இருக்கு. எந்தப் பக்கம் பாடு இல்லை, எங்கை வாடி (தொழிலாளர் கொட்டில்) இருக்கு, எங்கை நல்ல தண்ணித் துரவு (மணல் கிணறு) இருக்கு எண்டு அவையே காட்டுவினம். குடும்பமா வாறவையை இஞ்சை ஒருத்தரும் கலைக்கிறேல்லை.

கொக்குவில்காரன்:

கரைவலை அண்ணை, கோவமில்லை, உதைத்தான் அறிய விரும்பினனான். நாங்கள் குடிக்கிற கூட்டம் இல்லை. நேவி, பொலிஸ் ஆரும் வந்து கேப்பினமோ?

கரைவலை:

கேக்கக்கூடும். கரை நெடுக நேவி இருக்கு. இரவிலை கரையிலை வெளிச்சம் கண்டா கஞ்சா கடத்திற கோஷ்டியோ எண்டு பாக்க வருவினம், அது அவையின்ரை வேலை. அடையாள அட்டை கையிலை இருக்கட்டும். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்னமே சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்திலை கதை முடிஞ்சிடும். பொம்பிளைப் பிள்ளையள், குழந்தையளைக் கண்டா அவையும் கனக்கக் கதைக்கமாட்டினம்.

இன்னுமொண்டு, இதை ஆரும் விளையாட்டா எடுக்கப்பிடாது. நாகர்கோவில், முகமாலை, கிளாலி நெடுக 2009 வரைக்கும் முன்னரங்கக் காவலரண் வரிசை இருந்தது. முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுக்கிற வேலை வருஷக்கணக்காப் போகுது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டா அதுக்கு அங்காலை ஒரு அடியும் வைக்கக் குடாது. பலகை இல்லாத பத்தையுக்குள்ளையும் விறகு பொறுக்க, ஒதுங்கப் போகாதேங்கோ. சனம் நடமாடித் தேஞ்ச பாதை, வாடி இருக்கிற வெளிக் கரை, இதுக்குள்ளை நில்லுங்கோ. மணல் மாறி மாறி நகருற இடத்திலை பழசு மேலை வரும்.

சங்கானை அக்கா:

ஆம்பிளையள் காத்து, கயிறு, நேவி எல்லாம் கதைச்சு முடிச்சாச்சு. கக்கூசைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. தம்பி, உம்மடை மனிசி முதல் கேக்கிறது அதுதான், எழுதி வையும். கசூரினாவிலை எண்டா ஏதோ வசதி இருக்கு. மணற்காட்டிலை ஒண்டுமில்லை. நாங்கள் போகேக்கை சின்னனா நிண்டு உடுப்பு மாத்திற ரென்ற் ஒண்டு தனியக் கொண்டு போனனாங்கள். அதுக்குள்ளை மண்வெட்டியாலை முழ ஆழக் கிடங்கு, அடி கழண்ட பழைய பிளாஸ்ரிக் கதிரை, பக்கத்திலை சாம்பல் வாளி. தண்ணிக் கரையிலையிருந்தும் துரவிலையிருந்தும் நல்லாத் தள்ளி. பொம்பிளையளுக்கு உது சரிவந்தாத்தான் அடுத்த பயணம் நடக்கும்.

சாப்பாடு. அங்கை போய்ப் பெரிய சமையல் வைக்கிறன் எண்டு நிக்காதையும். மத்தியானமே வீட்டிலை பிட்டு அவிச்சு வாழையிலையிலை கட்டிக் கொண்டு போம், மாசிச் சம்பல் ஒரு போத்தில். இரவுக்கு அது காணும். ஆசைக்கு ஒரு சமையல் வேணுமெண்டாக் கூழ். ஒடியல் மாவை ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு முதலே தண்ணியிலை ஊறவிட்டு, மேல் தண்ணியை ஊத்திவிட்டாத்தான் காறல் போகும். பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாத்தையும் வீட்டிலையே வெட்டிப் பெட்டியிலை போட்டால், கரையிலை வாங்கிற நண்டையும் மீன் தலையையும் போட்டுக் கொதிக்க வைக்கிறதுதான் வேலை. செத்தல் மிளகாயும் பழப்புளியும் அரைச்சுச் சின்னப் போத்திலிலை. குடிக்கப் பிளா (பனையோலைக் கோப்பை) கோலும், பிள்ளையளுக்கும் கோலப் பழக்கும். பிளாஸ்ரிக் கோப்பை கழுவிற வேலையும் இல்லை, கரையிலை குப்பையும் இல்லை.

அடுப்புக்கு ஊமல் (கிழங்கு எடுத்தாப் பிறகு மிஞ்சிற பனங்கொட்டை ஓடு) கொண்டு போம். மாசியிலை கிழங்கு பிடுங்கின வீட்டிலை கேட்டா ஒரு பாக் சும்மா தருவினம். விறகு மாதிரிச் சுவாலை விட்டு எரியாது, புகையும் குறைவு, கன நேரத்துக்குத் தணல் நிக்கும். அந்தத் தணலுக்குள்ளை பனங்கிழங்கைத் தோலோடை தாட்டு, கால் மணித்தியாலம் பொறுத்து எடுத்துத் தும்பை உரிச்சு, மிளகும் உப்பும் தொட்டுக் குடும். பிள்ளையள் பிறகு மாஷ்மெலோ எண்டு கேக்காதுகள்.

நல்லூரான்:

அக்கா, நீங்கள் போற நாளைச் சொல்லுங்கோ. ரென்ற் இல்லாட்டியும் பரவாயில்லை, கூழுக்கு வாறன்.

ஆஸ்பத்திரிச் சீருடை:

பகிடியை விட்டுட்டு ஒரு விசயம். தீவுப்பகுதி, வடமராட்சி கிழக்கு மணல், காய்ஞ்ச பத்தை எல்லாம் சுருட்டைப் பாம்பு இருக்கிற நிலம். சின்னப் பாம்பு, முழம் ஒண்டரைதான் வரும். மண் நிறத்திலை கிடக்கிறதாலை கண்ணுக்குத் தெரியாது. இரவிலைதான் திரியும். புடையன் வயல் பக்கம் கூட, ஆனா அதுவும் இல்லாமலில்லை. இருட்டினாப் பிறகு வெறுங்காலோடை நடக்க விடாதேங்கோ, ரோச் இல்லாமல் பிள்ளையளை வெளியிலை விடாதேங்கோ. ரென்ற் சிப்பை எப்பவும் இழுத்து மூடுங்கோ. செருப்பை உள்ளுக்கை வையுங்கோ, விடிய உதறிப்போட்டுப் போடுங்கோ. விறகை ரென்றுக்குப் பக்கத்திலை குவிக்காதேங்கோ.

கடிச்சா வெட்டிறதும் வேண்டாம், உறிஞ்சிறதும் வேண்டாம், இறுக்கிக் கட்டிறதும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழட்டிப்போட்டு, கடிச்ச காலை ஆட்டாமல் வைச்சு நேரை ஆஸ்பத்திரி. பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டுவரத் தேவையில்லை, ஏலுமெண்டாத் தூரத்திலை நிண்டு ஒரு படம் எடுங்கோ. சுருட்டை, புடையன் கடிச்சா இரத்தம் உறையிறது பிழைக்கும். ஆள் நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும் வீட்டிலை வைச்சிருக்கப்பிடாது. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசமா வரும். மணற்காடு எண்டா மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட, கசூரினா, சாட்டி எண்டா யாழ்ப்பாணம் போதனா ஆஸ்பத்திரி. போகமுதலே வழியைப் பாத்து வையுங்கோ, மணல் பாதைக்குள்ளை வானைக் கொண்டுபோய்ப் புதைச்சுப்போட்டு இரவிலை தள்ளாதேங்கோ. வான் தார் றோட்டுக்குப் பக்கத்திலை, முகம் வெளிப்பக்கம் பாத்து நிக்கட்டும்.

கடலுக்கை திருக்கை மண்ணோடை மண்ணாக் கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடந்தா அது விலத்திப் போகும். இதைப் பிள்ளையளுக்கு விளையாட்டாச் சொல்லிக் குடுங்கோ. நுளம்புக்கு, டெங்குக் காலம் இஞ்சை மழையோடை தொடங்கித் தை வரைக்கும் இழுக்கும். மாசியிலை குறைஞ்சாலும் பின்னேரத்துக்கு முழுக்கைச் சட்டை போடுங்கோ.

லண்டன் வடலி:

நான் ஆவணி மாசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன், பிள்ளையள் மூண்டு பேர். இங்கை நாங்கள் வருஷா வருஷம் வேல்ஸுக்கு காம்பிங் போறனாங்கள், சாமான் எல்லாம் இருக்கு. நெடுந்தீவிலை ரெண்டு இரவு தங்க யோசிக்கிறம். குதிரையளோடை ரென்ற். ஏலுமோ?

தீவகத்தான்:

வேல்ஸ் குளிருக்குச் செய்த ரென்றைக் கொண்டு வந்தியளெண்டா உள்ளுக்கை அவிஞ்சு போவியள். மேல்பக்கம் முழுக்க வலை உள்ள ரென்ற் வேணும் இஞ்சத்தை வெக்கைக்கு. விடிய ஏழு மணிக்குப் பிறகு வெயில் பட்டா உள்ளை இருக்கேலாது.

ஆவணி சோளகக் காலம். குறிகட்டுவானிலையிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணித்தியாலம் கிட்ட ஓடும், அந்தக் காத்துக்குள்ளை ஆட்டம் இருக்கும், பிள்ளையள் சத்தி எடுப்பினம். காத்துக் கூடினாப் படகை நிப்பாட்டியும் போடுவினம். திங்கள் விமானம் எண்டு வைச்சுக்கொண்டு சனி ஞாயிறு அங்கை போகாதேங்கோ. மற்றது தண்ணி. நெடுந்தீவுக் கிணறு கன இடத்திலை உவர். கோடையிலை ஊர்ச்சனமே நல்ல தண்ணிக்கு அல்லாடுகினம். குதிரையளும் அந்த நேரம் இருக்கிற சொட்டுக் குளங்களை நம்பித்தான் நிக்குதுகள். குளத்தங்கரையிலை நீங்கள் ரென்ற் அடிச்சா அதுகள் வெருண்டு தண்ணிக்கு வராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லீற்றர் கணக்கிலை குடிதண்ணியை இஞ்சையிருந்தே கொண்டு போங்கோ. நிலம் சுண்ணாம்புக் கல்லு, ஆணி இறங்காது, கல்லிலைதான் கட்டவேணும். அதுக்காக முருகைக்கல்லு மதிலிலையிருந்து ஒரு கல்லையும் கழட்டாதேங்கோ. சீமெந்து இல்லாமல் அடுக்கின மதில் அது, ஒண்டை எடுத்தா மிச்சம் சரியும்.

என்னைக் கேட்டா நெடுந்தீவிலை வீட்டோடை தங்கிற இடம் எடுத்து, பகலிலை சுத்திப் பாருங்கோ. ரென்ற் வேணுமெண்டா மாசி பங்குனியிலை வாங்கோ.

அல்வாய்ப் பெடியன்:

ஆவணியிலை வடமராட்சி கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஏனெண்டாக் காத்து தரையிலையிருந்து கடலுக்குப் போகுது. பாக்க வடிவு. ஆபத்தும் அதிலைதான். காத்தடிச்ச ரியூப்பிலை, மிதக்கிற மெத்தையிலை பிள்ளை ஏறினா, நீங்கள் திரும்பிப் பாக்கிறதுக்குள்ளை காத்துக் கொண்டு போயிடும். நீந்தித் திரும்பி வாறது எதிர்க்காத்து. லண்டன் அண்ணை, அந்தச் சாமான்களை வீட்டிலையே விட்டுட்டு வாங்கோ.

பிறகு, ஆடி ஆவணி பனம்பழம் விழுகிற காலம். பனைக்குக் கீழை நிழலெண்டு படுக்கவேண்டாம். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும், கீழை படுத்திருக்கிறவன் சிரிக்கமாட்டான்.

பறவைப் பைத்தியம்:

ஒருத்தரும் சுண்டிக்குளம் சொல்லேல்லையே? கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரைக்கும் வெளிநாட்டுப் பறவையள், பூநாரைக் கூட்டம் எல்லாம் பாக்கலாம். 1938இலை சரணாலயமா அறிவிச்சு, 2015இலை தேசிய பூங்கா ஆக்கினது. அதாலைதான் சொல்லுறன், அங்கை நினைச்ச இடத்திலை ரென்ற் அடிக்கேலாது. வனசீவராசிகள் திணைக்களத்திட்டை அனுமதி எடுக்கவேணும். வெளியிலை எங்கையாவது தங்கி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டுப் போய்ப் பாக்கிறதுதான் எங்கடை வழக்கம்.

அனுமதிப் பிரச்சினை குறைஞ்ச, சனமும் குறைஞ்ச இடம் எண்டா பூநகரிப் பக்கம் கௌதாரிமுனை. 2011இலை சங்குப்பிட்டிப் பாலம் திறந்தாப் பிறகு பூநகரி எங்களுக்குப் பக்கத்து வீடு. முந்திப் பரந்தன் சுத்திப் போறது. கடைசித் துண்டு மணல் பாதை, வான் இறங்காது. மண்ணித்தலையிலை இடிஞ்ச பழைய சிவன் கோயில் இருக்கு, சோழர் காலத்தது எண்டு சொல்லுறவை. கல்லுக்கு மேலை ஏறிச் செல்பி எடுக்காமல் பாத்திட்டு வாங்கோ. பிள்ளையள் கொஞ்சம் வளந்தாப் பிறகு போற இடம் அது.

கிளிநொச்சியான்:

எல்லாம் வாசிச்சன். நல்லா இருக்கு. எனக்கும் ரென்ற் வாங்க ஆசை. போன கிழமை வீட்டிலை கதைச்சன். அம்மா சொன்னா, "தறப்பாளுக்கை படுத்தது காணும் ராசா, நீ உன்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ." 2009இலை செட்டிகுளம் முகாமிலை மழைக்கை தண்ணி உள்ளுக்கை வர, அவ என்னை மடியிலை வைச்சுக்கொண்டு விடியும் வரைக்கும் குந்தி இருந்தவ. நான் பிறகு அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. ஆரும் தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு போக நினைச்சா, முதல் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

ஓய்வுபெற்ற மாஸ்ரர்:

கிளிநொச்சித் தம்பி எழுதியது உண்மை. என் மனைவிக்கும் அதே மனநிலைதான். எங்களுக்கு அது 95 இடப்பெயர்வு.

ஆனால் இளம் ஆட்கள் சிலர் இதை வெளிநாட்டுக்காரரிடம் படித்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. நல்லூரானுக்குத்தான் சொல்கிறேன். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு மாசி பங்குனியில் போகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? குறிகட்டுவானில் படகு ஏறி, கையில் தண்ணீர், பாண், ஒரு தறப்பாள். பற்றைக்கும் மணலுக்கும் நடுவில் கயிறு கட்டி இரவைக் கழித்து, விடியப் பூசை கண்டு திரும்புகிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வைகாசி நிலவில் மணலில் பாய் போட்டுப் படுக்காத சனம் உண்டா? செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் வாரக்கணக்கில் மரத்தடியில்தான் படுக்கிறார்கள். எவரும் அவர்களை விசர் என்று சொல்வதில்லை. அந்த ஆட்களிடம் கேளுங்கள், ஒரு இரவுக்கு என்னென்ன வேண்டும் என்று. அவர்கள் மூட்டை உங்கள் மூட்டையில் கால்வாசிதான் இருக்கும்.

ஒரு நடைமுறை விடயம்: தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். பகல் வெக்கையை நம்பி மெல்லிய விரிப்போடு போனால் விடியப்புறம் பிள்ளைகள் நடுங்கும். நிலத்தில் தறப்பாள், அதன் மேல் பனையோலைப் பாய், அதன் மேல் விரிப்பு. பாய் இல்லாமல் தறப்பாளில் நேரே படுத்தால் அடியில் ஈரம் கோக்கும். பனி பெய்கிறதென்று யன்னலை மூடாதீர்கள். மூச்சு ஈரம் உள்ளே துணியில் படிந்து சொட்டும், பிறகு ரென்ற் ஒழுகுகிறது என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள்.

நல்லூரான்:

மாஸ்ரர், விசர் எண்ட சொல்லை வாபஸ் வாங்கிறன். வற்றாப்பளையிலை நானும் படுத்தனான்தான்.

கொக்குவில்காரன்:

எல்லாருக்கும் பெரிய உபகாரம். மனிசி சங்கானை அக்காவின்ரை பதிலை மட்டும் ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டு "சரி, போகலாம்" எண்டிட்டா. கிடங்கு வெட்டிற வேலை என்ரை தலையிலை.

முதல் தரம் கசூரினா, பிரதேச சபையிலை நாளைக்கே கேக்கிறன். அது சரிவராட்டி அல்லது சனம் கூட எண்டா மணற்காடு, ஆனாச் சங்கத்திலை சொல்லாமல் போறேல்லை. பௌர்ணமியை அண்டின சனியா எடுப்பமோ, நிலவு இருக்கும்?

தீவகத்தான்:

நிலவு நல்லந்தான். ஆனா போயாவோடை சேந்து நீண்ட விடுமுறை வந்தாக் கசூரினாவிலை கால் வைக்க இடமிராது. ஒரு கிழமை முந்தி எடுங்கோ, அரை நிலவு காணும்.

கரைவலை:

மணற்காட்டுப் பக்கம் எண்டாச் சங்கத்து ஆளின்ரை நம்பரைத் தனிச்செய்தியிலை போடுறன். வியாழனுக்கு முதல் அடியுங்கோ. அக்கா சொன்ன கூழுக்கு நண்டு வேணுமெண்டாச் சனி பின்னேரம் வந்து கேட்டுப் பிரியோசனமில்லை, விடிய ஆறுக்கு முதல் வாடியிலை நிக்கவேணும். ஏழு மணிக்கு வியாபாரி ஐஸ் பெட்டியிலை ஏத்திப்போடுவான். கூழை ஞாயிறு காலமைக்கு வையுங்கோ.

சங்கானை அக்கா:

அப்ப மாவைச் சனி இரவு படுக்கப் போகேக்கை ஊறப்போடும். மூடி இறுக்கமான பாத்திரத்திலை, மண் விழாமல்.

நல்லூரான்:

தம்பி கொக்குவில், அந்த ரென்றைப் பங்குனியிலை ஒரு கிழமைக்கு இரவல் தருவீரோ? உரபாக் நான் கொண்டு வாறன்.